விசில் பிடிக்க ஆள் வேண்டும்

நித்திரவிளையைத் தாண்டிப் பேருந்து கடலைப் பார்த்து இறங்கும்போதே ஒலிபெருக்கிச் சத்தம் வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்த வாரம். ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களில் பலர் வீட்டில் இருக்கும் நாட்கள். கல்யாணம், பால்காய்ப்பு, கூடவே கால்பந்துப் போட்டி. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய். இடைப்பட்ட நிலத்தில் வீடு கட்டவே இடம் போதாது. ஆனாலும் ஒவ்வொரு ஊரும் பந்துக்கென்று ஒரு துண்டு நிலத்தை விட்டு வைத்திருக்கிறது.

நான் போனது ஓர் அரையிறுதி ஆட்டத்துக்கு. ஆட்டக்காரர்களைவிட, அதை நடத்தும் மனிதரைப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். ரெஃபரியை அடித்தார்கள், ரெஃபரியைத் துரத்தினார்கள், பாதி ஆட்டத்தில் அணி இறங்கிப் போய்விட்டது என்று இந்த மாவட்டத்தில் போட்டிக் காலம் தோறும் காதில் விழுகிறது. ஏன் இப்படி ஆகிறது என்று கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். ஊரையும் அணிகளையும் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. அன்று நடந்தது எந்த ஊரிலும் நடந்திருக்கும்.

மைதானத்தின் மூன்று பக்கமும் மூங்கில் கட்டிப் பலகை போட்ட கேலரி. நான்காவது பக்கம் தென்னைகள், அதற்கப்பால் கடல். ஒரு கேலரிக்கு மேலே பரண் மாதிரி உயர்த்திய மேடையில் மைக்கோடு இரண்டு பேர். மொட்டை மாடிகளில் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஆற்றுமண்ணும் கடல்மண்ணும் கலந்த மண், வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கும் முதல் வரிசைக் கூட்டத்துக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தால் அதிகம். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் பின்னால் நிற்பவர் முகத்தில் படும்.

ரெஃபரிகளுக்கு ஒதுக்கிய இடம் ஒரு கிடுகுக் கொட்டகை. நடு ரெஃபரி நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பைக்கில் வந்திருக்கிறார். லைன்ஸ்மேன்கள் இருவரும் அவரிடம் படித்த பழைய மாணவர்கள். மூவரில் ஒருவரும் கடற்கரை ஊர்க்காரர் இல்லை. நடு ரெஃபரி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே பேசினார்.

“இங்க உள்ள பயக்களுக்கு இருக்க கால் நம்ம கெழக்க எவனுக்கும் கிடையாது, பாத்துக்கிடுங்க. பந்து விளையாட்டுன்னா இதுதான். அதுக்காகத்தான் வாறேன். ஏச்சு வாங்க வாறேன்னு வச்சுக்கிடாதீங்க.”

பேச்சு போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஆட்டம் முடிந்ததும் பைக்கை நேரே எடுக்கமாட்டாராம். கூட்டம் கலையும் வரை கொட்டகையிலேயே இருந்து, கமிட்டிக்காரர் ஒருவர் முன்னால் பைக்கில் போக, இவர் பின்னால் ஜங்ஷன் வரை போவாராம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பாட்டில் எடுத்து வைத்தேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

ஆட்டம் தொடங்கியது. முதல் கால் மணி நேரம் நான் ரெஃபரியை மறந்தே போனேன். அப்படி ஒரு வேகம். இந்த மண்ணிலிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் போனார். இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டி அணியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2019இல் இந்தியச் சட்டை போட்டார். 2019-20இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் அவரும் அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் சேர்ந்தே இருந்தார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடும் தமிழ்நாட்டு அணியில் இந்தக் கரையின் பெயர்கள் வருவது இங்கே யாருக்கும் புதிய செய்தி இல்லை. சந்தோஷ் டிராபி வரை போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் இந்த ஊர்களிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், கடலுக்குப் போகாமல் பிழைக்க ஒரு வழி என்பதற்கு இங்கே என்ன விலை என்று புரியும். அன்று ஆடிய இருபத்திரண்டு பேரில் எத்தனை பேர் அந்த வழியைக் கண்ணில் வைத்து ஆடினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆடிய விதத்தில் தெரிந்தது. இப்படி ஒருவன் ஆடும்போது ஒரு தவறான விசில் அவனுக்கு வெறும் ஃபவுல் அல்ல.

முதல் சத்தம் ஒரு ஹேண்ட்பாலில் வந்தது. பெனால்டிப் பெட்டிக்குள் ஓங்கி உதைத்த பந்து, இரண்டடி தள்ளி நின்ற தடுப்பாட்டக்காரனின் கையில் பட்டுத் தெறித்தது. கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது. ரெஃபரி இரண்டு கையையும் விரித்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். சட்டப்படி சரிதான். கையில் பட்டதெல்லாம் குற்றமில்லை. வேண்டுமென்றே தொட்டாலோ, கையை இயல்புக்கு மாறாக நீட்டி உடம்பை அகலமாக்கிக்கொண்டு தடுத்தாலோதான் குற்றம். ஆனால் மேலே பரணிலிருந்து மைக் முழங்கியது: “கையில் பட்டது! தெளிவாகக் கையில் பட்டது! ரெஃபரி பார்க்கவில்லை!”

ரெஃபரி பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார். மைக் பிடித்தவர் அதைப்போல ஏழெட்டு மடங்கு தூரத்தில் இருந்தார். ஆனால் ஊருக்குக் கேட்டது மைக்தான். அந்த நொடி வரை முணுமுணுத்துக்கொண்டிருந்த கேலரி முழுவதும் எழுந்து நின்றது. மாடியில் இருந்த பெண்கள் கூட. எந்தப் போட்டியிலும் மைக் பிடிப்பவருக்கு ஒரே ஒரு விதி வைக்கலாம் என்று அப்போது தோன்றியது: பந்தைப் பற்றிப் பேசுங்கள், விசிலைப் பற்றிப் பேசாதீர்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. கமிட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் மெல்ல நகர்ந்து கோச்சின் பெஞ்சுப் பக்கம் போய் நின்றேன். ஹேண்ட்பால் கேட்ட அணியின் கோச் அவர். பழைய ஆட்டக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் என்ன செய்கிறாரோ அதையே பெஞ்சில் இருந்த பையன்கள் செய்தார்கள், பையன்கள் செய்வதைக் கேலரி செய்தது. அவர் தலையில் கை வைத்தால் அவர்களும் வைத்தார்கள். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓரடி வைத்தபோது பின்னால் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிறு ஒரு பக்கம் அறுந்து விழுந்தது. அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் அடித்தார். ரெஃபரி நேரே நடந்து வந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார்.

“எனக்கா? கோச்சுக்கு எங்க சாரே கார்டு இருக்கு?”

இருக்கிறது. 2019 முதல் சர்வதேசச் சட்டமே அப்படித்தான். பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளருக்கும் மஞ்சளும் சிவப்பும் காட்டலாம். அந்தக் கோச்சுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பின்னால் நின்ற நூறு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரெஃபரி தங்கள்மேல் உள்ள கோபத்தில் இல்லாத சட்டத்தை உண்டாக்குகிறார் என்றே அவர்கள் நினைத்தார்கள். அட்டை என்ற ஒன்றே சண்டையிலிருந்து பிறந்ததுதான். 1962 உலகக் கோப்பையில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் அடிதடியாகவே நடந்தது. அதற்கு ரெஃபரியாக இருந்தவர் இங்கிலாந்தின் கென் ஆஸ்டன். 1966இல் அர்ஜென்டினாவின் ரட்டின் வெளியேற்றப்பட்டபோது, மொழி புரியாமல் நெடுநேரம் களத்தைவிட்டுப் போகவில்லை. ரெஃபரி சொல்வது எல்லோருக்கும் கண்ணால் புரிய வேண்டும் என்று யோசித்து ஆஸ்டன் சாலை சிக்னலிலிருந்து மஞ்சளையும் சிவப்பையும் எடுத்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. ரெஃபரிக்கும் மற்றவர்களுக்கும் நடுவே புரியாமை என்பது இந்த விளையாட்டின் பழைய நோய்.

இடைவேளையில் கேலரிக்குள் போனேன். சுண்டலும் வெள்ளரிக்காயும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர், மஞ்சள் நிறக் கேரளா பிளாஸ்டர்ஸ் சட்டையில், என்னைப் பத்திரிகைக்காரர் என்று கண்டுகொண்டார்.

“எழுதுங்க அண்ணா. இவங்களைக் கேக்க ஆளில்ல. பெங்களூருல எங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு தெரியும்லா?”

தெரியும். இந்தக் கரையில் அதைத் தெரியாதவர் இல்லை. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். வெளியேற்றுச் சுற்று, கூடுதல் நேரம், 96ஆவது நிமிடம். பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டி நிற்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்து கோலாக்கினார். ரெஃபரி கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியைக் களத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டார். அணி திரும்பவில்லை. பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

ஃப்ரீ கிக்கை உடனே உதைக்க விசில் தேவையில்லை. எதிரணி தள்ளி நிற்க வேண்டும் என்று உதைப்பவரோ ரெஃபரியோ நிறுத்தி வைத்தால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே நிறுத்தி வைத்தாரா இல்லையா என்பதில்தான் வழக்கு. அதை இன்றுவரை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். என் கவலை வேறு. அந்த முடிவால் வந்த தோல்வி ஓர் இரவோடு போயிற்று. ஆனால் “பிடிக்கவில்லை என்றால் இறங்கிப் போகலாம்” என்பது தொலைக்காட்சி வழியாக வள்ளவிளைக்கும் நீரோடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான்கு கோடி கட்ட முடிந்த அணி செய்ததை, பந்து வாங்கக் காசு பிரிக்கும் அணி பின்பற்றுகிறது. வுகோமனோவிச்சுக்கு அன்று நியாயமான கோபம் இருந்திருக்கலாம். அணியை வெளியே அழைத்தது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாவது பாதியில் நான் கிழக்குக் கோட்டில், லைன்ஸ்மேனுக்கு நேர் பின்னால் இடம் பிடித்தேன். அது தற்செயலாக நல்ல இடமாக அமைந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் இருக்கும்போது, நடுக்களத்திலிருந்து ஒரு நீளப் பந்து. முன்னால் நின்ற பையன் பாய்ந்து வாங்கி, கோலியைத் தாண்டி வலைக்குள் போட்டான். கொடி மேலே நின்றது. ஆஃப்சைடு.

நான் பார்த்ததை எழுதுகிறேன். பந்து உதைபட்ட கணத்தில் அந்தப் பையன் கடைசித் தடுப்பாட்டக்காரனைவிட ஒரு எட்டு முன்னால் இருந்தான். பந்து அவனிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் பின்னால் ஓடி அவனைத் தாண்டியிருந்தார்கள். கேலரி பந்தோடு கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தது. பந்து சேர்ந்த இடத்தில் பார்த்தபோது அவனுக்கு முன்னால் இரண்டு பேர். “எங்கலே ஆஃப்சைடு?” என்று அவர்கள் கேட்டது பொய்யில்லை. அவர்கள் கண்ணுக்கு அது ஆஃப்சைடு இல்லைதான். சட்டம் கேட்பது பந்து உதைபட்ட கணத்தை. பந்து சேர்ந்த கணத்தை அல்ல. லைன்ஸ்மேன் பந்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடுவது அதற்காகத்தான். நேர்மையான இரண்டு பேர் ஒரே சம்பவத்தை இரண்டாகப் பார்க்கும் சட்டம் இது. இந்த ஒரு விதியைக் கேலரிக்குப் புரியவைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்கு உறுதியாகப் பட்டது.

லைன்ஸ்மேன் சின்னப் பையன். அவன் கொடி பிடித்த கை நடுங்கியது. பின்னாலிருந்து யாரோ அவன் கழுத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ரெஃபரியைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். கயிறு முழுவதும் விழுந்து, கூட்டம் கோட்டுக்குள் வந்தது. மைக் இப்போது “அமைதி, அமைதி” என்றது. யாரும் கேட்கவில்லை.

ஒரு பெரியவர் உள்ளே போனார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் ஆஃப்சைடா இல்லையா என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

“லே மக்கா, கேப்டன் மட்டும் நில்லு. மத்தவன் எல்லாம் தள்ளிப் போங்க. அவரு சொல்லுவாரு, நீ கேளு. கேட்டுட்டு நீ போய் இவனுவளுக்குச் சொல்லு.”

வளையம் கலைந்தது. ரெஃபரி கேப்டனிடம் கையால் காட்டி விளக்கினார். கேப்டன் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் திரும்பிப் போனான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. சர்வதேசச் சட்ட வாரியம் 2024இல் உலகத்துக்கெல்லாம் வகுத்துக் கொடுத்த வழிகாட்டுதல் இதேதான். ரெஃபரியிடம் பேசலாம், கேப்டன் மட்டும் பேசலாம். அந்த ஆண்டு யூரோ கோப்பையில் இதை நடைமுறைப்படுத்தினார்கள். துண்டு போட்ட பெரியவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர் பந்தையும் ஊரையும் படித்தவர்.

அவர் மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க உலகத்தில் உதாரணங்கள் கிடக்கின்றன. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரே நகரில் சிறுவர் ஆட்டத்தில் தன் மகனின் அணிக்காக லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்த ரிச்சர்ட் நியூவென்ஹைசன் என்ற தந்தை, எதிரணிப் பையன்களும் இன்னொருவரும் அடித்து உதைத்ததில் இறந்துபோனார். 2023 டிசம்பரில் துருக்கியில் அங்காராகுச்சு கிளப்பின் தலைவரே களத்தில் இறங்கி ரெஃபரி ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். நாட்டின் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். நம் நாட்டில் 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் களத்தில் ஏற்பட்ட மோதல் கேலரிக்குப் பரவி, நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். மூங்கில் கேலரியும் ஒரு முழக் கோடும் உள்ள மைதானத்தில் நின்றுகொண்டு இதை நினைக்கும்போது வயிறு கலங்குகிறது.

ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டில் முடிந்தது. ஆஃப்சைடு கோலை இழந்த அணியே வென்றது. வென்றபின் ஆஃப்சைடைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் கோச்சே கொட்டகைக்கு வந்து ரெஃபரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அந்தக் கோச்சைத் தனியே பிடித்து, ரெஃபரியின்மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“அண்ணா, பூட்ஸு வாங்குகது நான், சாப்பாடு போடுகது நான். தோத்தா ரோட்டுல நடக்கவிடமாட்டானுவ. அதுக்க மேல, இவரு ஒரே நாளுல மூணு ஆட்டம் ஊதுகாரு. மூணாவது ஆட்டத்துல ஓட முடியுமா? நடு வட்டத்துலயே நின்னுட்டு ஊதுனா எங்களுக்கு நம்பிக்கை வருமா?”

உண்மை. அன்று அவருக்கு அது இரண்டாவது ஆட்டம்தான். அதற்கே கடைசி இருபது நிமிடம் அவர் பந்திலிருந்து வெகுதூரம் பின்தங்கினார். ஆண் ஒருவர் சர்வதேச ரெஃபரி ஆக வேண்டுமென்றால் 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 18 விநாடியில் நடந்து, இதை நாற்பது தடவை நிறுத்தாமல் செய்துகாட்ட வேண்டும். அதற்கு முன்னால் 40 மீட்டரை ஆறு விநாடிக்குள் ஆறு தடவை ஓட வேண்டும். ஊர்ப் போட்டி ரெஃபரியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஐம்பது வயதுக்காரரை ஒரே நாளில் பல ஆட்டங்களுக்கு நிறுத்திவிட்டு அவர் கண்ணை நம்பச் சொல்வதும் முடியாது. இந்தக் குற்றம் அவருடையது அல்ல. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் பள்ளிப் பையன்கள் கூடைப்பந்து ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்தேன். கால்பந்தைவிடக் கூடைப்பந்தில் ரெஃபரியும் கோச்சும் பார்வையாளரும் இன்னும் நெருக்கம். 28 மீட்டர் நீளக் களம். பெஞ்சில் முணுமுணுத்தால் ரெஃபரிக்குக் கேட்கும். விசிலும் ஓயாமல் வரும். சண்டைக்கு இங்கேதான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் விதி ஒன்று கோச்சின் வாயைக் கட்டுகிறது. ரெஃபரியை அவமதித்தால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு உடனே ஒரு ஃப்ரீ த்ரோ. கோச் தன் நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் வாங்கினால் களத்தைவிட்டு வெளியே. ஒருவர் கோபத்தின் விலை அந்த நிமிடமே ஸ்கோர்போர்டில் ஒரு புள்ளியாக ஏறக்கூடும். பயிற்சி ஆட்டத்தில்கூட ஒரு பையன் கையை உயர்த்தி முறைத்தபோது அவன் கோச்சே “லே, வாயை மூடிட்டு ஓடுலே” என்றார். ரெஃபரியின்மேல் உள்ள மரியாதையில் சொன்னாரா, புள்ளி போய்விடும் என்று சொன்னாரா தெரியாது. எதுவாக இருந்தாலும் பையன் ஓடினான். கால்பந்தில் அப்படிக் கைமேல் விலை இல்லை. மஞ்சள் அட்டை வாங்கிய கோச் அதே கோட்டில் நின்று மறுபடியும் கத்தலாம்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். விசில் ஊதியவர்கள் அதே அரங்கத்தில் பந்து போட்டு வளர்ந்த பழைய ஆட்டக்காரர்கள். பையன்கள் அவர்களை “அண்ணே” என்றே கூப்பிட்டார்கள். தப்பாக ஊதினாலும் “அண்ணே, இது எப்படி?” என்று கேள்வியாகத்தான் வந்தது.

என் மனதில் பதிந்த வித்தியாசம் இதுதான். மேற்குக் கடற்கரையில் நான் பார்த்த மூன்று ரெஃபரிகளும் கிழக்கேயிருந்து வந்து கிழக்கே போகிறவர்கள். பேச்சு வேறு, ஊர் வேறு. அவர்கள் சொல்லும் விதி காகிதத்தில் எங்கோ இருப்பது. அந்த ஊர்ப் பையன்களோடு அவர்களுக்கு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பழக்கமும் இல்லை. இந்திய அணிக்கு ஆளை அனுப்பும் மண், விசில் பிடிக்க ஓர் ஆளை வளர்க்கவில்லையென்றால் அது பெரிய குறை. பக்கத்து ஊர் ஆள் ஊதினால் அவர் அந்த ஊருக்குச் சாய்வார் என்பார்கள். எட்டு ஊர் இருக்கிறதே. நான்காவது ஊர் ஆளை முதல் இரண்டு ஊர் ஆட்டத்துக்கு நிறுத்தலாம். ஆஃப்சைடை வாங்கியும் கொடுத்தும் பழகியவன் கொடியைத் தூக்கும்போது, கேலரிக்கு அவனிடம் கேட்கத் தோன்றும். அவன் அதே பேச்சில் பதில் சொல்வான்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத பாதை இல்லை. சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் உதவி ரெஃபரியாகக் கொடி பிடித்தார். இந்திய அணி ஆட முடியாத இடத்துக்கு ஒரு தமிழ்நாட்டு ரெஃபரி போய் நின்றார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஆட்டக்காரராகத் தொடங்கி ஃபிஃபா பட்டியலில் ரெஃபரியாக இடம்பிடித்தார். சூசைராஜுக்குப் பிறகு அடுத்த சூசைராஜைத் தேடும் அதே கண், முப்பது வயதில் முழங்கால் வலியோடு கடற்கரையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் பழைய ஆட்டக்காரர்களையும் பார்க்க வேண்டும். விதி தெரிந்த, ஊர் மதிக்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். துண்டு போட்ட அந்தப் பெரியவர் இருபது வருடம் முன்னால் ஒரு ரெஃபரி வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இன்று எத்தனை பேரை உருவாக்கியிருப்பார்.

ஆகவே எட்டு ஊர்ப் பங்குப் பேரவைகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டிக்குப் பரிசுத்தொகையை உயர்த்துவதற்கு முன், ஊருக்கு நான்கு பேர் வீதம் தேர்ந்தெடுத்து ஒரு ரெஃபரி பயிற்சி வகுப்பு நடத்துங்கள். அதில் ஒரு நாள் கோச்சுகளையும் கேப்டன்களையும் மைக் பிடிப்பவர்களையும் உட்காரவையுங்கள். ஆஃப்சைடையும் ஹேண்ட்பாலையும் மட்டும் மணலில் கோடு போட்டுக் காட்டினாலே போதும். கேலரியைக் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒரு ரெஃபரிக்கு ஒரு நாளில் ஓர் ஆட்டம் என்று வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் ரெஃபரிக்குத் துணைக்கு ஆள் அனுப்பத் தேவையில்லாத ஊர் எங்கள் ஊர் என்று நோட்டீசில் அச்சிட்டு ஒட்ட உங்களால் முடியும். அதை எந்த ஊர் முதலில் ஒட்டுகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.